96 ஆடும் ஒரு மேட்ச்சும்

பாப்பாரப்பட்டி என்றால், "சுப்பிரமணிய சிவா காலமான ஊர்தானே?" என்று கேட்பவர் பத்துக்கு ஒருவர்தான். 1925-ல் நடந்ததை ஞாபகம் வைத்திருக்கும் அந்தப் புண்ணியவானுக்கு உடனே ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிடுவேன். மற்ற ஒன்பது பேருக்கு, "தர்மபுரிக்குப் பக்கம் சார்" என்பதோடு சரி.

எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஒரு பழைய சிவன் கோயில். பெயர் வேண்டாம், கமிட்டியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 2003 மார்ச்சில் அங்கே திருப்பணி ஆரம்பித்தது. ரிடையரான தமிழ் வாத்தியார் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"ஏம்ப்பா, சுவரெல்லாம் கல்வெட்டு. கம்ப்ரஸர் வச்சு மணலைப் பீச்சி அடிக்கப் போறாங்க. எழுத்து மழுங்கிடும். அதுக்குள்ளே படி எடுத்துடணும். ரெண்டு ஞாயித்துக்கிழமை குடு."

ஒன்று கொடுத்தேன்.

கல்லைத் தேய்த்துக் கழுவி, பேப்பரை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் பொத்துப் பொத்தென்று அடிக்க வேண்டும். பேப்பர் எழுத்துக்குள் போய் உட்காரும். கொஞ்சம் காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றினால், கறுப்பில் வெள்ளை எழுத்து எழுந்து வரும் பாருங்கள், அப்படியே புல்லரிக்கும்! பாதி மை என் முகத்தில். "கீழே பாரு, குமுதத்திலயும் எழுத்து ஓடுது" என்றார் வாத்தியார். சினிமாச் செய்தியோ என்று குனிந்தேன். அடித்தளத்தில் உருண்டையாக ஓடும் கல்வரிசைக்கு அதுதான் பெயராம்.

தெற்குச் சுவர் முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். நந்தா விளக்கு ஒன்று, அதற்கு ஆடு 96. அணையாமல் ஒரு விளக்கு எரிய அந்தக் காலத்தில் 90 ஆடோ 96 ஆடோ கொடுப்பார்களாம். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி போட்டு எண்ணிக்கை நிற்குமாதலால் அவை சாவா மூவாப் பேராடுகள். நம் ஃபிக்ஸட் டெபாசிட்தான்!

"கொடுத்தவர் பேர் என்ன சார்?"

"வரி மேலண்டைச் சுவர்ல ஆரம்பிச்சு இங்கே திரும்புது. பேர் அங்கே இருக்கும். அடுத்த ஞாயிறு பார்ப்போம்."

அடுத்த ஞாயிறு மார்ச் 23. உலகக் கோப்பை ஃபைனல். எனக்குத் திடீர்க் காய்ச்சல். "ஒரு வாரம் போகட்டும் சார், கல்வெட்டு எங்கே ஓடிடப் போகுது?" மேட்ச் மத்தியானம்தான், காலையில் போயிருக்கலாம். கங்குலி டாஸ் ஜெயித்து ஆஸ்திரேலியாவை ஆடச் சொன்னார். அவர்கள் 359 அடித்தார்கள். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

30-ம் தேதி போனேன். மேலண்டைச் சுவர் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. தடவிப் பார்த்தேன். சொரசொரப்புத்தான் இருந்தது. "எப்படி நம்ம வேலை?" என்றார் கமிட்டிக்காரர் பெருமையாக.

வாத்தியார் திட்டவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார்: "திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரிச்சுக் கட்டணும்னு ராஜராஜ சோழன் 28-ம் ஆட்சியாண்டில உத்தரவு போட்டார். அதுக்கு முன்னாடி சுவத்துக் கல்வெட்டையெல்லாம் புத்தகத்துல ஏத்தச் சொன்னார். பிள்ளை ராஜேந்திரன் காலத்துல, அதைப் பார்த்துத்தான் புதுச் சுவத்துல திரும்ப வெட்டினாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி!" டீக்கு அவரே காசு கொடுத்தார். அதுதான் வலித்தது.

பழைய கோயில்களைக் காப்பாற்ற 2021 ஜூனில் சென்னை ஹைகோர்ட் 75 உத்தரவுகள் போட்டது. பேப்பரில் படித்ததும் வாத்தியாரிடம் காட்ட நினைத்தேன். அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்த மைப்படி என் பீரோவில் சுருட்டி இருக்கிறது. போன தீபாவளிக்குச் சுத்தம் பண்ணும்போது பையன் பிரித்துப் பார்த்தான். இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று முடிகிற இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன்.

"யார் தலைப்பா?" என்றான்.

மேட்ச்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.