முடியிழந்தோர்

தமிழிலே 'முடி' என்னுஞ் சொல் தலைமயிரையும் குறிக்கும். அரசர் அணியும் மகுடத்தையும் குறிக்கும். இவ்விரு பொருள்களும் ஒரே மனிதனின் தலையிற் சந்தித்தமைக்கு உரோம வரலாற்றில் ஒரு சான்றுண்டு. யூலியஸ் சீசர் தமது வழுக்கையையிட்டுப் பெரிதும் வருந்தினார் என்றும், எதிரிகளின் ஏளனத்துக்கு அஞ்சி உச்சியிலிருந்த மயிரை முன்னோக்கி வாரிவிட்டார் என்றும், செனற் சபை வழங்கிய கௌரவங்கள் யாவற்றிலும் வெற்றிக்குரிய இலைமுடியை எந்நேரமும் அணியும் உரிமையையே மிக விரும்பி ஏற்றார் என்றும் சுவெற்றோனியஸ் எழுதியுள்ளார். கோல் நாட்டை வென்றவராலும் தமது நெற்றி மேலேறுவதைத் தடுக்க முடியவில்லை.

அதே இழப்பு இருபத்திரண்டு வயது மாணவன் ஒருவனுக்கு நேரும்போது, மறைத்துக்கொள்ள இலைமுடி எதுவும் கிடைப்பதில்லை. சலூனில் மயிர் வெட்டி முடித்தவர் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டும்போதே அவன் முதன்முறையாகத் தன் உச்சந்தலையைக் காண்கின்றான். விரிவுரை மண்டபத்தில் அவனுக்குப் பின்வரிசையில் இருந்தோர் அதனை எப்பொழுதோ கண்டிருப்பர். அன்றுதொட்டு அவன் தலையணையில் உதிர்ந்து கிடக்கும் மயிர்களை எண்ணுகின்றான், சீப்பை ஆராய்கின்றான். நண்பர்கள் பகிடி பண்ணும்போது தானும் சேர்ந்து சிரிக்கின்றான். விடுதித் தண்ணீரே காரணம் என்கின்றான் ஒருவன். ஊர்க்கிணற்றுச் சவர்நீர் என்கின்றான் இன்னொருவன். கலியாணப் பேச்சுத் தொடங்குமுன் ஏதேனும் செய்தாக வேண்டும் என்று தாய் செவ்வரத்தம்பூவை எண்ணெயிற் காய்ச்சுகின்றாள்.

மயிர்களை எண்ணுவதாற் பயன் இல்லை. மனிதனின் தலையில் ஏறத்தாழ 100,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள்வரை வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை முடித்து, மூன்று மாதமளவு ஓய்ந்திருந்து பின்னர் உதிர்கின்றது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையான மயிர்கள் உதிர்வது இயல்பு. வழுக்கையின் இரகசியம் உதிர்ந்த மயிரில் இல்லை. அதன் இடத்தில் முளைக்கும் மயிரிலேயே உள்ளது. வளரும் காலம் குறுகிக் குறுகி, மயிர்ப்புடைப்பும் சிறுத்துப்போக, தடித்த மயிர் முளைத்த இடத்திற் பூனைமயிர் போன்ற மெல்லிழை மட்டுமே தோன்றுகின்றது.

இதன் காரணத்தை அறியும் முயற்சி மிகப் பழையது. விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அரிஸ்டோட்டில் குறித்துள்ளார். அவதானிப்பு சரியானதே; அதன் பொருள் விளங்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றது. 1942 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹமில்ற்றன், பருவமடையுமுன் விதையிழந்தோருக்கு வழுக்கை ஏற்படவில்லை என்றும், தெசுத்தோசுத்தரோன் ஓமோனைக் கொடுத்தபோது வழுக்கைப் பரம்பரையிற் பிறந்தோருக்கே அது ஏற்பட்டது என்றும் காட்டினார். ஓமோன் மட்டும் போதாது; பரம்பரை மட்டும் போதாது; இரண்டும் சேரவேண்டும். வழுக்கை மிகுந்த ஆண்மையின் அடையாளம் என்று கூறி ஆறுதல் அடைவோருக்கும் இங்கு இடமில்லை. வழுக்கை விழுந்தோரிடம் ஓமோன் மிகுந்திருப்பதில்லை. அவர்களின் மயிர்ப்புடைப்புகளே அதற்கு மிகையாக இணங்குகின்றன.

தாய்வழிப் பாட்டனின் தலையைப் பார்த்தால் தன் எதிர்காலம் தெரியும் என்ற ஊர்வழக்கும் பாதி உண்மையே. ஓமோனை ஏற்கும் வாங்கிக்குரிய பரம்பரை அலகு, ஆண்மகன் தாயிடமிருந்து பெறும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. ஆயினும் வழுக்கையோடு தொடர்புடைய வேறு பல பரம்பரை அலகுகளும் உள. அவை தந்தைவழியாலும் வரும்.

1974 ஆம் ஆண்டில் டொமினிக்கன் குடியரசின் சில குடும்பங்களைப் பற்றி வெளிவந்த ஆய்வு அடுத்த வழியைத் திறந்தது. தெசுத்தோசுத்தரோனை அதனிலும் வீரியமான வேறோர் ஓமோனாக மாற்றும் நொதியம் அக்குடும்பத்து ஆண்கள் சிலரிடம் பிறப்பிலேயே குறைவாக இருந்தது. அவர்களின் முன்னெற்றி மயிர் பின்வாங்கவில்லை. அந்நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்ரரைட் 1997 இல் ஆண்களின் வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்றைய மருந்தாகிய மினொக்சிடில் இரத்த அழுத்தத்துக்கெனப் பிறந்தது. அதனை உட்கொண்டோரின் உடலில் மயிர் மிகுந்து வளர்ந்தமை கண்டு தலையிற் பூசும் திரவமாக்கினர்; 1988 இல் அதற்கும் அனுமதி கிடைத்தது. இவ்விரண்டும் உள்ள மயிரைக் காப்பதில் வல்லவை. பளபளத்துப்போன உச்சியைக் காடாக்க வல்லவை அல்ல. பயன் தெரியப் பல மாதங்கள் செல்லும்; நிறுத்தினால் பெற்ற பயனும் போய்விடும். பினாஸ்ரரைட் சிலருக்குப் பாலுணர்வுக் குறைவையும் மனச்சோர்வையும் தரக்கூடுமாதலின் மருத்துவரைக் கேளாமல் அதனை உட்கொள்வது தகாது. காய்ச்சலின் பின் உதிரும் மயிர் பெரும்பாலும் தானே திரும்பி வருதலும், புழுவெட்டு முற்றிலும் வேறான நோயாதலும் மருத்துவரை முதலில் நாடவேண்டியதற்கு மேலுங் காரணங்களாம்.

மயிர் நடுதலில் ஜப்பானியரான ஒக்குடா 1939 இல் வழிகாட்டினார். பின்தலை மயிர் எங்கு நடப்பட்டாலும் தன் பிறந்த இடத்தின் இயல்பையே காக்கும் என்பதை நியூயோர்க் மருத்துவர் ஓறென்றைக் 1959 இல் எடுத்துக்காட்டினார். ஆயினும் இச்சிகிச்சை புதிய மயிரைப் படைப்பதில்லை. இருப்பதை இடம் மாற்றுகின்றது. பின்தலையின் கையிருப்போ அளவுள்ளது. அவசரப்பட்டு இருபத்திரண்டு வயதில் முன்னெற்றிக்கு அதனைச் செலவிட்டவன், சுற்றியுள்ள சொந்த மயிர் பின்னர் உதிர்ந்துபோக, நட்ட மயிர் மட்டும் தீவுபோல நிற்பதைக் காண நேரிடலாம். இழப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியுமட்டும் பொறுத்திருப்பதே அவனுக்கு நன்று.

சிகிச்சை நாடுவது வீண்பகட்டு அன்று. நாடாதிருப்பது அசட்டை அன்று. அறிந்து தெரிவு செய்தலே வேண்டியது. அறியாமலிருக்கும்வரை அவன் விளம்பரத்துக்கும் வெட்கத்துக்கும் ஒருங்கே அடிமையாகின்றான். எண்ணெய்க்குப் பணத்தையும் ஏளனத்துக்கு மனத்தையும் கொடுக்கின்றான். புகைப்படத்துக்கு நிற்காமல் விலகிய மாலைகளும், எழுந்து பேச அஞ்சிப் பேசாமல் விட்ட கூட்டங்களும் மயிரைவிடப் பெரிய இழப்புகள். மயிராவது மருந்தாற் சிறிது திரும்பும், அவை திரும்புவதில்லை.

சீசர் கொலையுண்ட கி.மு. 44 ஆம் ஆண்டின் நாணயங்கள் அவரை இலைமுடியுடனேயே காட்டுகின்றன. ஆனால் இத்தாலியின் துஸ்குலம் என்னுமிடத்திற் கிடைத்து, இப்பொழுது துரின் நகரில் உள்ள பளிங்குத் தலையில் அந்த முடி இல்லை. ஏறிய நெற்றியும் வரிவிழுந்த கழுத்தும் உள்ளவாறே செதுக்கப்பட்டுள்ளன. அவரது உண்மையான முகத்தைத் தேடுவோர் பெரிதும் நாடிச் செல்வது அந்தத் தலையைத்தான்.