பதினொரு மணிப் பாறை

2016 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல் மலைக்கோட்டைப் படியில் பாதி தூரம் ஏறியதும் என் ஏழு வயது மகள் உட்கார்ந்துவிட்டாள். மணி பதினொன்று இருக்கும். "அப்பா, கால் சுடுதுப்பா" என்றாள். செருப்புப் போட்டிருந்த காலைத்தான் அப்படிச் சொன்னாள். நான் கேட்டும் கேட்காதவனாக, "இன்னும் கொஞ்சம்தான், மேல கோயில் இருக்கு, வா" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, மகன், மகள். கொண்டுபோயிருந்தது ஒரு லிட்டர் தண்ணீர். அதில் கால் பங்குதான் மிச்சம் இருந்தது.

இருபது படி தாண்டியதும் வாந்தி எடுத்தாள். முகம் செக்கச் சிவந்து, தொட்டால் அடுப்புப் போல் கொதித்தது. கூப்பிட்டால் பதில் வரச் சற்று நேரமானது. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து, "தம்பி, பிள்ளைய முதல்ல நிழலுக்குத் தூக்குங்க. மேல போறதெல்லாம் அப்புறம்" என்று அதட்டினார். கோட்டைச் சுவரோரம் இருந்த நிழலில் படுக்கவைத்துத் தன் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். மிச்சத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். சாயங்காலம் மருத்துவர் பார்த்துவிட்டு, வெயில் தாக்கியிருக்கிறது, உடனே குளிரவைத்ததால் தப்பித்தாள் என்றார். அந்தப் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அன்று அத்தனை பிடிவாதம் ஏன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின இரவு கலிபோர்னியாவில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பியிருந்தார். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மியூர் உட்ஸ் காடு. 1908-லேயே அரசு நினைவுச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றிய செம்மரக்காடு. நம் ஊர்ச் செம்மரம் அல்ல, ரெட்வுட் என்கிற வேறு மரம். உலகில் இதைவிட உயரமாக வளரும் மரவகை கிடையாது. 100 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. அந்த அடிமரத்தை அணைத்தபடி அண்ணன் குழந்தைகள் இரண்டும் நின்றார்கள். அடுத்த படத்தில் பசிபிக் கடலைப் பார்த்துச் சரிகிற புல்மலையில் ஓடினார்கள். என் பிள்ளைகள் அன்று முழுக்க டிவி முன்னால் கிடந்தவர்கள். மனசு பொறுக்கவில்லை. மறுநாள் எழுந்து, இட்லி சாப்பிட்டு, செய்தித்தாள் படித்து முடித்து, பத்து மணிக்குமேல் அவர்களைக் கிளப்பினேன். உச்சியில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் எண்ணம்.

மலைக்கோட்டையை நான் அறியாதவன் அல்ல. பிறந்ததிலிருந்து பார்க்கிற பாறை. திண்டு போலக் கிடக்கிற கல் என்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்பார்கள். 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் கோட்டை எழும்பியது. பிறகு ஐதர் அலி, திப்பு சுல்தான், 1790-இல் ஆங்கிலேயர் என்று கைமாறியது. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, மொட்டைப் பாறை ஏப்ரல் வெயிலில் என்ன செய்யும் என்று யோசிக்கத் தெரியவில்லை. மேலே இருந்து வெயில், கீழே இருந்து கல்லின் அனல், நடுவில் மூன்றரை அடி உயரப் பிள்ளை. சின்னப் பிள்ளைகளுக்கு நம் அளவு வியர்க்காது. உடம்பின் எடையோடு பார்த்தால் அவர்களுடைய தோல்பரப்பும் அதிகம். அதனால் வெளிச்சூடு நம்மைவிட வேகமாக ஏறிவிடும். இதை நான் படித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருஷம் அவள் எந்த மலைக்கும் வரவில்லை. கூப்பிட்டால், "நீங்க கையப் பிடிச்சு இழுப்பீங்க" என்பாள். நியாயமான பயம்.

2018-இல் தைப்பூசம் ஜனவரி 31-ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தின வாரம் பழனி ரோட்டில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு அம்மா உதவிக்குப் போனார். நானும் மகளும் துணைக்குப் போனோம். தை மாதம் எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு எத்தனை ஆயிரம் கால்கள் போகின்றன என்பது திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டிலிருந்து காவடியோடு நத்தம் வழியாக வரும் நகரத்தார்கள், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள், கைக்குழந்தைக்காரிகள், எழுபது வயதுக் கிழவிகள். வருஷா வருஷம் பார்க்கிற காட்சிதான். அன்று அம்மா சொன்ன ஒரு வார்த்தையால் அதை வேறு மாதிரி பார்த்தேன்.

"இந்தப் பிள்ளைகள்ல ஒண்ணாவது மயங்கி விழுந்துச்சா பாத்தியாடா? இவங்க பழனி வரைக்கும் நடக்கிறாங்க. நீ ஒரு கல்லு ஏறத் தெரியாம எம் பேத்தியக் கொல்லப் பாத்த."

அன்று இரவும் மறுநாளும் உட்கார்ந்து பார்த்தேன். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து நடக்கிறார்கள். வெயில் ஏறுகிற ஒன்பது, பத்து மணிக்கு ஏதாவது ஒரு புளியமர நிழலிலோ மண்டபத்திலோ கூட்டமாகச் சாய்ந்துவிடுகிறார்கள். சாப்பாடு, தூக்கம், காலுக்கு எண்ணெய் எல்லாம் அங்கேதான். வெயில் தணிந்த பிறகு மறுபடி நடை. சுமை பின்னால் வருகிற வண்டியில். அதனால் பெரியவர்களின் கை வெறுமையாக இருக்கிறது, பிள்ளையைத் தூக்க முடிகிறது. குழுவின் வேகத்தை வைப்பது முன்னால் போகிற இளவட்டங்கள் அல்ல, கடைசியில் வருகிற கிழவி. அவள் உட்கார்ந்தால் எல்லோரும் உட்காருகிறார்கள். "ஏன் உக்காந்த?" என்று யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகளிடம் அவர்கள் பழனி என்று சொல்லுவதே இல்லை. பழனி அறுபது கிலோமீட்டர். "இந்தா, அடுத்து ரெட்டியார்சத்திரம்" என்கிறார்கள். அதற்கப்புறம் மூலச்சத்திரம். அதற்கப்புறம் ஒட்டன்சத்திரம், பிறகு சத்திரப்பட்டி. பஸ்ஸில் ஆயிரம் தடவை கடந்த ஊர்ப்பெயர்கள். அத்தனையும் சத்திரம், வழிநடப்பவன் தங்கிப் போகிற இடம் என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. எங்கே உட்கார வேண்டும் என்று அந்த ரோடே பெயர் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் அமெரிக்கப் படத்தைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்ளக் கிளம்பியவன்.

அடுத்த மாதம் மகளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டேன். அவள் உட்காரச் சொன்னால் உட்காருவோம். திரும்பச் சொன்னால் திரும்புவோம். மறுபேச்சு இல்லை. முதலில் மலையே வேண்டாம் என்று ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போனோம். பொழுது விடிகிற நேரம், சமதரை, பக்கத்தில் மலையடிவாரம். பன்றிமலை, ஆடலூர் பக்கமிருந்து இறங்குகிற குடகனாறு தேங்குவது அங்கே. அந்தத் தண்ணீர்தான் திண்டுக்கல் குழாயில் வருகிறது என்று சொன்னதும் நின்று பார்த்தாள். அரைக் கிலோமீட்டர்கூட நடந்திருக்க மாட்டோம். மணலில் குழியானைப் பூச்சி தோண்டிய குழிகளைக் கண்டு குத்தவைத்துவிட்டாள். ஓர் எறும்பு சறுக்கி விழுந்து மேலே வர முடியாமல் தவிப்பதை முக்கால் மணி நேரம் பார்த்தோம். எனக்குக் கால் பரபரத்தது. வாயைத் திறக்கவில்லை. வீடு திரும்பும்போது, "அடுத்த வாரம் எங்க?" என்று அவளே கேட்டாள்.

அடுத்தது சிறுமலை. ஊரிலிருந்து 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு. அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதையில் பாதியிலேயே மேகம் இறங்கியது. "திரும்பலாம்ப்பா" என்றாள். திரும்பினோம். உச்சியை விட்டு வந்த வருத்தம் எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. மூட்டை சுமந்து வந்த குதிரைகளுக்குப் பின்னாலேயே நடந்து, வண்டி போகாத தோட்டங்களிலிருந்து விளைச்சல் இப்படித்தான் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டாள். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி நான்கு பேரும் வழியிலேயே தின்று தீர்த்தோம். காட்டுமாடு நடமாடுகிற இடம் என்பதால் தடத்தை விட்டு விலகவில்லை, இருட்டும் முன் இறங்கிவிட்டோம்.

அந்த வருஷம் செப்டம்பரில் கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பூத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. கூட்டிப்போனேன். மலை மடிப்புகளில் மட்டும் அடர்ந்து கிடக்கிற சோலை, மேடெல்லாம் புல். சோலை மரங்கள் நம் தென்னையைவிட உயரமில்லை. முறுக்கிக்கொண்டு, பாசி பிடித்து நிற்கும். ரெட்வுட் மரங்கள் கோடையில் கடல்மூடுபனியைக் குடித்துத் தாக்குப்பிடிப்பதைப் போலவே, இவையும் பனிமூட்டத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குகின்றன. புல் அந்த நீரைப் பிடித்துவைத்து மெதுவாக ஓடைக்கு விடுகிறது. அந்தப் புல்வெளியைப் பொட்டல் என்று நினைத்துப் போன நூற்றாண்டில் வாட்டில், பைன் மரங்களை நட்டார்கள். வாட்டில் பட்டை தோல் பதனிட. தோல் பதனிடும் ஊரில் பிறந்த நான் அந்த மரங்களை இயற்கைக் காடு என்றே நாற்பது வயது வரை நம்பியிருந்தேன். புல்வெளியையும் மரக்காட்டையும் மாறிமாறிப் பார்த்த மகள், "இந்த மரத்துக்கு அடியில புல்லே இல்லையேப்பா" என்றாள். நடந்து பார்த்தால்தான் கண்ணில் படுகிற விஷயம் அது.

அண்ணனிடம் இதையெல்லாம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டார். "மியூர் உட்ஸ்ல நாங்க நடந்தது பலகை போட்ட சமதரைப் பாதைடா. தள்ளுவண்டியில குழந்தையை வச்சுத் தள்ளிட்டுப் போவாங்க. ஒரு மணி நேரம், அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு மணி நேரச் சமதரை நடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் என் பிள்ளையை நான் கொதிக்கிற பாறையில் ஏற்றியிருந்தேன்.

டிசம்பரில் ஒரு நாள் பிற்பகல் அவளே மலைக்கோட்டைக்குப் போகலாம் என்றாள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, கடலைமிட்டாய். ஆறு இடத்தில் உட்கார்ந்தாள், ஆறு இடத்திலும் உட்கார்ந்தோம். முன்பு படுக்கவைத்த சுவரோரத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள். பிறகு உச்சிக்குப் போய், மூலவர் இல்லாத அந்தக் கற்கோயிலைச் சுற்றி வந்து, தென்கிழக்கே சிறுமலையையும் மேற்கே பழனி மலையையும் கைநீட்டித் தன் அண்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்துவிட்டால் ஆனி முடியும் வரை, காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றரைக்கும் நடுவில் குழந்தைகளை அந்தப் பாறையில் ஏற்றாதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். பிள்ளை கால் சுடுகிறது என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.