கிண்ணத்தில் தாய்ப்பால்

ஆடி 11, வெள்ளிமலை

நள்ளிரவிலிருந்து பெரியவளுக்கு வாந்தியும் பேதியும். மூன்றரை வயது. ஓயாமல் பேசுகிற பிள்ளை, இன்று தலையைத் தூக்காமல் பாயில் கிடக்கிறாள். வெளியே தூறல் விடவில்லை, துவைத்துப் போட்ட துணி எதுவும் காயவில்லை. கஞ்சி வேண்டாம், இளநீர் வேண்டாம். ஓஆர்எஸ் கரைத்துக் கரண்டியில் நீட்டினால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

எட்டு மாதத் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மெல்ல நகர்ந்து வந்து என் தொடையில் தலை வைத்தவள், "எனக்கும்மா" என்றாள். தம்பி வயிற்றிலிருந்தபோதே பால்குடி மறந்தவள் அவள். பால் வற்றியதும் தானாகவே விட்டுவிட்டாள். வேப்பெண்ணெய் தடவ வேண்டிய தேவைகூட வரவில்லை.

"மூணு வயசுப் பொண்ணுக்குத் தாய்ப்பாலா? வேணாம்மா. ரெண்டுக்கும் மாந்தம் புடிச்சிக்கும்" என்றார் அத்தை. அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான். மலைக்கு ஒழுங்கான சாலை இல்லாத காலத்தில் ஒரு பிள்ளையைப் பேதிக்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தப் பயத்தோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் குடுத்துப் பாக்கிறேன் அத்தை, சேரலன்னா நிறுத்திடறேன்" என்றேன்.

தம்பி வயிறு நிறைந்து தூங்கிய பிறகு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் அலசிய கிண்ணத்தில் மிச்சப் பாலைப் பீய்ச்சினேன். அரைக் கிண்ணம்கூட வரவில்லை. அலமாரியிலிருந்து பாலாடையை எடுத்து அத்தைதான் தந்தார். வாயோரமாகச் சிறிது சிறிதாக விட்டேன். குடித்தாள். அது வயிற்றில் தங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அதே பாலாடையில் ஓஆர்எஸ் கொடுத்தபோது முகம் சுளிக்கவில்லை. அதையும் குடித்தாள்.

ஆடி 12, கரியாலூர்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் கலங்கினால் இங்கே பிள்ளைகளின் வயிறும் கலங்கிவிடும். டாக்டரம்மா அவளுடைய வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். உடனே படிந்தது. கண் குழி விழவில்லை, கொடுத்தால் இயல்பாகக் குடிக்கிறாள். "இங்கியே சமாளிச்சிடலாம். சோர்ந்து போயி குடிக்க மாட்டேன்னாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு உடனே கள்ளக்குறிச்சிக்குக் கெளம்பிடுங்க" என்றார். இங்கிருந்து வளைவு வளைவாக இறங்கிக் கச்சிராயபாளையத்தைத் தாண்டிப் போவதற்குள் உடம்பில் இருக்கிற நீரும் வற்றிவிடும். அதனால்தான் மலையில் முடிவைச் சீக்கிரம் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 100 முதல் 200 மில்லி ஓஆர்எஸ். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி மெதுவாக. துத்தநாக மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் விடாமல் 14 நாள். இவ்வளவையும் கேட்டுக்கொண்ட பிறகு தாய்ப்பால் கொடுத்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை. "பாப்பாக்குப் போக மிச்சம் இருக்கா? அப்ப தாராளமா குடுங்க. ஓஆர்எஸ்ஸை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

இதே விஷயத்தில் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் தங்கைக்கு வேறு அறிவுரை கிடைத்தது. ஒன்றரை வயது மகனுக்குப் பேதி என்று போனவளிடம், தாய்ப்பால் உட்பட எல்லாப் பாலையும் ஒரு நாள் நிறுத்தச் சொல்லி அனுப்பினார்கள். 1985-லேயே இதற்கு விடை கிடைத்துவிட்டது. ரங்கூனில் பேதியோடு வந்த குழந்தைகளில் ஒரு பகுதிக்கு முதல் நாள் தாய்ப்பாலை நிறுத்தி ஓஆர்எஸ் மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஓஆர்எஸ்ஸோடு தாய்ப்பாலும் தொடர்ந்தது. தாய்ப்பால் தொடர்ந்த பிள்ளைகளுக்குத்தான் பேதி குறைவாகப் போனது. பெரு நாட்டின் லிமா நகருக்கு வெளியே ஓர் ஏழைக் குடியிருப்பில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வும் என் வீட்டில் நேற்று நடந்ததையே சொல்கிறது. நோய் வந்த பிள்ளைகள் மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள், தாய்ப்பாலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

இவை சின்னக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள். மூன்றரை வயதில் தாய்ப்பால் ஒரு துணை மட்டுமே, உயிரைக் காப்பது ஓஆர்எஸ்தான். 1971-இல் வங்க அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகாலநாபிஸ் அதைப் பாத்திரம் பாத்திரமாகக் கரைத்து உறவினர்கள் கையாலேயே கொடுக்க வைத்துக் காட்டினார். ஆனால் அந்தக் கரைசலைக் குடிக்க மறுக்கிற பிள்ளையின் வாயைத் திறக்க எது உதவுகிறதோ, அதை ஒதுக்கித் தள்ள நான் தயாராக இல்லை.

ஆடி 14, வெள்ளிமலை

பேதி குறைந்துவிட்டது. காலையில் சாமைக் கஞ்சி நாலு வாய்.

குழாயடியில் செய்தி பரவிவிட்டது. "டீச்சரு பெரிய பொண்ணுக்கும் பால் குடுக்கறாங்களாம்." ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, நாலு பிள்ளை பெற்றவள், சிரிக்கவில்லை. "எம் பெரியவன் அம்மை வந்து வாயெல்லாம் புண்ணாக் கெடந்தப்ப வேற எதைக் குடிச்சான்? சின்னவன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ரெண்டும் பொழச்சிச்சு" என்றாள். யாரிடமும் இதை இதுவரை சொன்னதில்லையாம். நல்ல காரியம் செய்த ஒரு தாய் அதை இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு வலித்தது.

இந்த வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத சம்பந்தருக்கு வயது மூன்று. உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கறந்து ஊட்டினாள் என்கிறது பெரியபுராணம். அதைத் திருமுலைப்பால் உற்சவம் என்று பெயர் சொல்லியே சித்திரையில் ஊர்கூடிக் கொண்டாடுகிறோம். கோயிலில் கும்பிடுவதை வீட்டில் ஒரு தாய் செய்தால் ஏன் முகத்தைத் திருப்புகிறோம்?

வெட்கத்தைப் போலவே தவறான நம்பிக்கையும் பாலைப் பறிக்கிறது. மரவள்ளிக் காட்டில் வெயிலில் நின்றுவிட்டு வரும் பெண்கள், சூட்டுப்பால் என்று முதல் பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டுத்தான் பிள்ளையை எடுக்கிறார்கள். வெயில் பாலைக் கெடுப்பதில்லை. தாய்க்குத் தேவை ஒரு சொம்புத் தண்ணீரும் கொஞ்சம் நிழலும்தான். அந்தப் பால் வீணாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. பால் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதும் தெரியாததல்ல. அடுத்தது பிறந்ததும் மூத்தது சவலையாகிப் போவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இன்றைய கானாவில் 1930-களில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் உடல் வீங்கி, தோல் உரிந்து வந்த பிள்ளைகளைக் கவனித்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததால் தாய்ப்பால் நின்று, மக்காச்சோள மாவுக் கஞ்சியில் காலம் தள்ளிய பிள்ளைகள் அவர்கள். விஷயம் தாய்ப்பாலை நிறுத்துவதோடு முடிவதில்லை. அந்த இடத்தில் பருப்பு, முட்டை, கடலை எதுவும் வராமல் வெறும் மாவே வருவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆடி 16

இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பால் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவளுடைய ஐந்து வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு. "எனக்குப் பால் இல்ல டீச்சர், நீங்க கொஞ்சம் குடுப்பீங்களா? குணமாயிடுமா?" என்று கேட்டாள். மறுக்கக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் மறுத்தேன். தாய்ப்பால் இளைப்புக்கு மருந்து அல்ல. பரிசோதிக்காத ஒருவரின் பாலை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுத்தால் எச்ஐவி போன்ற கிருமிகளும் கூடவே போகக்கூடும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. நம் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இப்போது வங்கிகள் உண்டு. கொடுப்பவரைப் பரிசோதித்து, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, குறைப்பிரசவக் குழந்தைகளுக்குத்தான் முதலில் தருகிறார்கள். அதுவே சரி. தாய்ப்பாலை விலைக்கு விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் எச்சரித்ததும் சரி. அந்தப் பையனை நாளை சுகாதார நிலையத்துக்கு நானே அழைத்துப் போவதாகச் சொன்னேன்.

என் வீட்டில் நான் வைத்துக்கொண்ட ஒழுங்கையும் எழுதி வைக்கிறேன். சின்னவன் குடித்த பிறகே பெரியவளுக்கு. அவள் மார்பில் குடிக்காமல் கிண்ணத்தில் குடித்தது ஒரு வகையில் நல்லது. அவளுடைய கிருமி தம்பிக்குத் தொற்றும் வாய்ப்பு குறைந்தது. பீய்ச்சிய பாலை நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கவில்லை. எனக்கும் ஒருவேளை கூடுதலாகச் சாப்பாடு. இதை அத்தைதான் கவனித்துக்கொண்டார்.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. ஊரில் பாதிப் பேர் கோமுகி அணைக்குக் கிளம்பிவிட்டார்கள். பெரியவளும் புதுப் பாவாடையோடு வாசலில் நிற்கிறாள்.

ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1992-இலிருந்து நடக்கிறது. அங்கன்வாடியில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சொல். 'அதற்கு மேலும்' என்பதை மேடைகளில் யாரும் நின்று விளக்குவதில்லை. நான் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இரண்டாம் வயதில்கூடப் பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தரமுடியும். ஓராண்டு தாண்டினால் அது வெறும் தண்ணீராகிவிடுகிறது என்பது பொய். கிருமியை எதிர்க்கும் புரதங்கள் அப்போதும் அதில் இருக்கின்றன.

நர்சம்மாக்களிடம் ஒன்று கேட்பேன். காய்ச்சல், பேதி என்று எந்தப் பிள்ளை வந்தாலும், வயதைப் பார்க்காமல், "நீங்கள் இப்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று தாயிடம் கேளுங்கள். கூச்சப்படுகிறவள் தானாகச் சொல்ல மாட்டாள். பாட்டிமார்களிடமும் ஒரு வேண்டுகோள். பால்குடி மறக்கடிக்க நாள் குறித்திருந்தால், பிள்ளைக்கு நோய் வந்த வாரத்தில் அதைச் செய்யாதீர்கள். உடம்பு தேறி, தட்டில் போட்டதைத் தின்னத் தொடங்கட்டும். அதுவரை வேப்பெண்ணெய் விளக்கு மாடத்திலேயே இருக்கட்டும்.