முதற்கனி யாருக்கு?



யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, மண்கும்பான், வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போனால் நாரந்தனையைக் காண்பீர்கள். சுற்றிலும் கடல், அடியில் சுண்ணக்கல். மாரி மழையில் ஊறிய நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய்த் தங்கியிருக்கிறது. கிணற்றை அளவுமீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். வீண்விரயம் கூடாதென்ற இறைகட்டளையை இம்மண்ணே நினைவூட்டுகிறது.

தக்காளி ஓரளவு உவர்ப்பைத் தாங்கும். பழம் சிறுக்கும், இனிப்புக் கூடும். பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் கரையோரத்திலேயே செம்மஞ்சள் காட்டுத் தக்காளி வளர்கிறது. சுப்ஹானல்லாஹ், படைப்பில்தான் எத்தனை வகை! நீங்களும் ஒரே இனத்தோடு நில்லாமல், மஞ்சள் வகை, சிறுபழ வகை என்று நட்டுப் பாருங்கள். கலப்பினமல்லாத செடியாயின் நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அடுத்த போகத்துக்கு விதை தயார்.

முதற்பழம் சிவந்ததும் நபி (ஸல்) அவர்களை நினையுங்கள். மதீனாவில் பருவத்தின் முதற்கனி கொண்டுவரப்பட்டால், பரக்கத் வேண்டி துஆச் செய்து, அங்குள்ள மிகச் சிறிய குழந்தைக்கே அதைக் கொடுப்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் தக்காளிக்கு ஸகாத் கடமையில்லை. ஆனால் அண்டை வீட்டாரின் ஹக்கு இருக்கிறதே! அவர் எம்மதத்தவராயினும் ஒரு கை பழம் கொடுத்தனுப்புங்கள்.