தாயின் கனவும் தாயின் அச்சமும்

தாய்மார் தம் மக்களைக் குறித்துக் காணும் கனவுகள் அப்பிள்ளைகளின் திறமையிலிருந்து பிறப்பவை என்றே பலரும் எண்ணுகின்றனர். தம்பலகாமத்துத் தாய்மாருடன் நெடுநாள் பழகிய ஆசிரியை என்ற முறையில் நான் கண்டது வேறு. தாய் எதற்கு அஞ்சி வாழ்ந்தாளோ, அதுவே அவள் கனவுக்கு உருக்கொடுக்கின்றது.

இவ்வூர் வயல்கள் கந்தளாய்க் குளத்தை நம்பியிருப்பவை. குளம் நிறைந்தால் பெரும்போகமும் சிறுபோகமும் விளையும். வற்றினால் கடனே மிஞ்சும். ஆகவே மகனுக்கு மாதந்தவறாத சம்பளத்தை அன்னை விரும்பினாள். மகளுக்கோ வீடும் வளவும். கிழக்கிலங்கையில் வீடு மகளுக்கே சீதனமாகச் செல்வது வழக்கமன்றோ? திருகோணமலையில் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923 இல் பெண்களுக்கெனப் பாடசாலை நிறுவினார். கன்னங்கரா முன்னின்று நிறைவேற்றிய இலவசக் கல்வி 1945 இல் வந்தது. பழைய பங்கீடு மெல்லத் தளர்ந்தது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் பயில்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே.

ஆயினும் அச்சம் அவ்வளவு எளிதில் அகல்வதில்லை. கணிதத்தில் வல்ல என் மாணவி ஒருத்திக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில இடம் கிடைத்தது. தாய் இசையவில்லை. இளைய மகனை வெளிநாடு அனுப்ப வயலையும் விற்கச் சித்தமாயிருந்தவள் அவள். காரணம் வினவினேன்.

"1990 இல் எனக்குப் பத்து வயது, ரீச்சர். வீட்டைப் பூட்டாமலே ஓடினோம். முகாமிலே அக்காமாரைக் காக்க அம்மா இரவிரவாக விழித்திருந்தா. ஆண்பிள்ளை தூரப் போனால்தான் தப்பும், பெண்பிள்ளை கிட்ட இருந்தால்தான் தப்பும்" என்றாள்.

போர் 2009 இல் முடிவுற்றது. அவள் நெஞ்சிலோ அது முடியவில்லை. பெண்ணுரிமை பற்றிய பிரசங்கம் அவளுக்குப் பயன்படாது. மகளை அங்கு அனுப்பியிருந்த மூதூர்த் தாய் ஒருத்தியிடம் அவளை அழைத்துச் சென்றேன். விடுதிக் கதவு எத்தனை மணிக்கு அடைபடும், நோய் வந்தால் பார்ப்பவர் யார், ஊர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்று இருவரும் மாலைவரை பேசினர். ஈற்றில், "போகட்டும், ஆனால் வீடு அவளுக்குத்தான்" என்றாள்.

அம்மகள் இப்போது மொறட்டுவையில் பயில்கின்றாள். தாய்மாரின் கனவு சிறிது என்று குறைகூறும் அன்பர்கள், அவர்களது அச்சம் எத்துணைப் பெரிதென்று ஒருமுறை கேட்டறிதல் நன்று.