'எங்க ஊர்ல' என்று ஒரு பத்தி

அரசாங்கத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் பாடத்துக்குக் குடிமையியல் என்று பேர். நம்மில் பெரும்பாலோருக்கு அது பத்தாம் வகுப்போடு முடிந்துபோகிறது. மேல்நிலையில் அரசியல் அறிவியல் என்கிற பாடம் இருக்கிறது. ஆனால் அது இருக்கும் பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணக்கு, அறிவியல், தொழிற்பிரிவு எடுத்த பிள்ளைகள் பதினைந்து வயதில் அரசியல் சட்டத்தை மூடி வைத்துவிட்டு, பதினெட்டு வயதில் ஓட்டுப் போட வருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் என்றால் அதே பதினெட்டு வயதில் கம்பெனி பஸ்ஸிலும் ஏறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்களோடு உட்கார்ந்து சட்டம் பேச ஒருத்தரும் இல்லை.

2005இல் நான் பதினொன்றாம் வகுப்பு. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். அரசியல் அறிவியல் எங்கள் பள்ளியில் இல்லை. ஆனால் அரசியல் இருந்தது. சுவரில் எழுதிப் போடாத சட்டங்கள் நாலைந்து இருந்தன. மார்க் குறைஞ்சவங்க கடைசி பெஞ்சு. மார்க் குறைஞ்சவங்க யாருன்னு பாத்தா அத்தனையும் காலனிப் பிள்ளைங்க. வகுப்பைப் பெருக்கறது பொம்பளப் பிள்ளைங்க. கக்கூசுக்குத் தண்ணி ஊத்தறது அந்தப் பொம்பளப் பிள்ளைங்கள்ளயும் நாங்க நாலு பேர் மட்டும். ஸ்காலர்ஷிப் பாரம் வந்தா பாடத்துக்கு நடுவுல, "எஸ்சி பசங்கள்லாம் எழுந்திரு." எழுந்தா, உக்காரச் சொல்ற வரைக்கும் நிக்கணும். மொத்த வகுப்பும் ஒரு தடவை திரும்பிப் பாக்கும். தீண்டாமையை ஒழித்த பிரிவு எது என்ற ஒரு மார்க் கேள்விக்கு முந்தின வருஷம்தான் 17 என்று எழுதி, சரி வாங்கியிருந்தோம்.

அந்த 17ஆம் பிரிவு இடம்பெற்ற சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இப்படிப்பட்ட வகுப்பைத்தான் முதலில் பார்த்தார். சதாராவில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது அம்பேத்கருக்கு உட்காரத் தனிக் கோணி. அதை அவரே சுமந்து வர வேண்டும், சாயங்காலம் அவரே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். தண்ணீர் ஊற்றப் பியூன் வரவில்லை என்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் என்பது முதலில் வகுப்பறைதான். யார் எங்கே உட்காருவது, யார் பெருக்குவது, யார் கேள்வி கேட்பது என்பதில்தான் அது தன் குடியுரிமையைத் தெரிந்துகொள்கிறது. புத்தகம் பிறகுதான் வருகிறது.

இதை ஒரு அரசு அறிக்கையே இன்று ஒப்புக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. ஆசிரியர் சாதியைச் சொல்லி மறைமுகமாகக்கூட அழைக்கக் கூடாது. சாதி காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. 6 முதல் 12 வரை வாரத்துக்கு ஒரு பாடவேளை சமூகநீதி, சமத்துவம் பற்றிய அறநெறி வகுப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. படித்தபோது, கடைசி பெஞ்சில் நாங்கள் வாயைத் திறக்காமல் வைத்திருந்த புகார் மனுவை யாரோ தட்டச்சு செய்து கொடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் விதி மேலேயிருந்து வந்தால் போதுமா? ஒரகடம் பக்கத்தில் ஒரு காலனியில் நாலு வருஷமாகச் சனிக்கிழமை ராத்திரி வகுப்பு நடத்துகிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் பதினெட்டு பேர் வருகிறார்கள். பாடம் அரசியல் சட்டம். முதல் நாள் நான் எதையும் எழுதிப் போடவில்லை. "இந்த வகுப்புக்குச் சட்டம் நீங்களே எழுதுங்க" என்று சாக்பீஸைக் கொடுத்தேன். ரெண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஐந்து விதி நின்றது.

வாரா வாரம் இடம் மாறி உட்காரணும். பெருக்கறது முறைவச்சு, ஆம்பளப் பசங்களும், அக்காவும். யாரு கேள்வி கேட்டாலும் சிரிக்கக் கூடாது. வேலைக்குப் போயிட்டு லேட்டா வர்றவங்கள வெளிய நிக்க வைக்கக் கூடாது; விட்டுப்போனத ஒருத்தர் சொல்லிக் குடுக்கணும். கைடைப் பாத்து எழுதலாம், ஆனா ஒவ்வொரு பதிலுக்கும் கடைசில 'எங்க ஊர்ல' என்று ஆரம்பிச்சு ஒரு பத்தி சொந்தமா எழுதணும்.

கடைசி விதியைச் சொன்னது பதினொன்றாம் வகுப்புப் பெண். அதுதான் எங்கள் வகுப்பைத் தூக்கி நிறுத்தியது. 17ஆம் பிரிவுக்கு ஒருவன் எழுதினான்: "எங்க ஊர்ல டீக்கடையில எல்லாருக்கும் பேப்பர் கப்பு. அதனால ரெட்டை டம்ளர் இல்ல. ஆனா கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதப் போனா எங்கப்பாவுக்குத் திண்ணையில சாப்பாடு." கிராம சபைக்கு ஒருத்தி எழுதினாள்: "எங்க ஊர்ல கிராம சபைன்னா நோட்டுல கையெழுத்து. தீர்மானத்த யாரும் படிச்சுக் காட்டல." அன்றைக்கு ஏகனாபுரத்தைப் பற்றிப் பேசினோம். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022இலிருந்து கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்ட ஊர், நம்ம மாவட்டத்து ஊர். அடுத்த கிராம சபையில் எங்கள் பிள்ளைகள் ரெண்டு பேர் எழுந்து, தீர்மானத்தைப் படிங்க என்றார்கள். முணுமுணுத்துக்கொண்டே படித்தார்கள்.

இதில் பயமும் இருக்கிறது. ஒரு பையனின் அம்மா வந்து கேட்டார்: "ஏம்மா, சங்கம் கிங்கம்னு சொல்லிக் குடுத்து எம் புள்ளைக்கு வேலை கெடைக்காம பண்ணிடாத." அந்தப் பயம் அறியாமை இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை 19ஆம் பிரிவில் ஒற்றை வரி. அதே உரிமைக்காக 2024 செப்டம்பர் 9 தொடங்கி சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தல் பிரிக்கப்பட்டது, கைது நடந்தது. சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். ஒரு மார்க் கேள்விக்கு எவ்வளவு விலை என்று அந்தத் தாய்க்குத் தெரியும்.

"வேலைக்குப் போவட்டும்மா. கையெழுத்துப் போடற காகிதத்தப் படிச்சுட்டுப் போடட்டும்" என்றேன்.

"படிக்க நேரம் குடுப்பானா?" என்றார்.

பதில் சொல்ல முடியாத கேள்வி. அதையே அடுத்த வாரம் பாடமாக்கினோம். ஒருவன் தன் அண்ணனின் வேலை உத்தரவை எடுத்து வந்தான். இங்கிலீஷ்ல மூணு பக்கம். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம். தினமும் போட்டுக்கொண்டு போகும் சட்டையில் ஒரு பேர் இருக்கிறது, காகிதத்தில் வேலை கொடுத்தவர் பேர் வேறு, காண்ட்ராக்டர் பேர். பதினோரு மாசம், காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். அண்ணன் அதுவரைக்கும் தான் கம்பெனி ஆள் என்று நினைத்திருந்தான். "எங்க ஊர்ல எல்லாரும் கம்பெனிக்குப் போறாங்க, கம்பெனில எங்க ஊர்க்காரங்க யாரும் இல்ல" என்று அன்றைக்குப் பையன் எழுதினான். எந்தக் கைடிலும் இந்தப் பதில் இல்லை.

மேல்நிலையில் எந்தக் குரூப் எடுத்தாலும் இப்படி ஒரு வகுப்பு கட்டாயம் வேண்டும் என்று கேட்கிறேன். சந்துரு அறிக்கை சொல்லும் அந்த ஒரு பாடவேளை கிடைத்தால் அதில் நீதிக்கதை சொல்லி முடித்துவிடக் கூடாது. நல்ல பிள்ளையாக இரு என்று எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியாகிவிட்டது. அங்கே அரசியல் சட்டம் படிக்கப்பட வேண்டும், கிராம சபைத் தீர்மானமும் வேலை உத்தரவும் படிக்கப்பட வேண்டும். வகுப்பின் விதியைப் பிள்ளைகள் எழுத வேண்டும். வாத்தியாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோழர்களே, காலனிக்கு ஒரு கரும்பலகை, சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி நேரம். சாக்பீஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நாம் பின்னால் போய் உட்காருவோம்.