ஓய்வு தராத தெய்வங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணிபுரிந்த பங்கொன்றில் ஆலயத்திற்கு முன்மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். பாதுகாவலர் திருவிழாவிற்கு இரண்டே மாதங்கள் இருந்தன. கொடியேற்ற நாளன்று ஆயர் அவர்கள் மண்டபத்தை மந்திரித்துத் திறந்துவைப்பதென நாள் குறித்தாகிவிட்டது. வேலையோ பின்தங்கிவிட்டது. விடாது பெய்த மழை ஒரு காரணம். பணமுடை மற்றொரு காரணம். தளம் போடுவதற்கான கலவை இயந்திரம் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னபோது, நான் சற்றும் தயங்காமல் இசைந்தேன். "ஆலய வேலைதானே" என்று என் மனத்திற்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு காலைத் திருப்பலியில் நான் ஆற்றிய மறையுரையை இன்று நினைத்தாலும் நாணம் மேலிடுகிறது. ஆண்டவரின் நாளிலும் கடை திறப்போரைக் கண்டித்தேன். பணமே இக்காலத்துப் பொற்கன்று என்று குரலை உயர்த்திப் பேசினேன். சிலர் தலைகுனிந்தனர். மறையுரை நன்றாக அமைந்தது என்ற நிறைவோடு பீடத்திற்குத் திரும்பினேன்.

பத்து மணியளவில் குடை பிடித்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்திற்குச் சென்றேன். சித்தாள்கள் தலையில் சும்மாட்டோடு கலவைச் சட்டிகளைச் சுமந்து வரிசையாகச் சாரத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருபவர். என்னைக் கண்டதும் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, வரிசையை விட்டு விலகி அருகே வந்தார்.

"சாமி, மேஸ்திரி விடியக்காலையிலேயே வரச் சொல்லிட்டாரு. இன்னைக்குப் பூசைக்கு வர முடியலே. பாவமா சாமி?"

நான் விடை சொல்ல முடியாமல் நின்றேன். அவரைத் திருப்பலிக்கு வரவிடாமல் தடுத்தது எந்தக் கடைக்காரரும் அல்லர்; நானே. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் குடைநிழலில் நிற்க, மன்னிக்க வேண்டியவர் சிமெண்டு படிந்த கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். "பாவம் உங்களுடையதன்று, அம்மா" என்று மட்டும் சொன்னேன். தளம் போடும் வேலையைப் பாதியில் நிறுத்தினால் இணைப்பில் விரிசல் விழும், நீர் கசியும். ஆகவே அன்று பொழுது சாயும்வரை வேலை நடந்தது. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காலையில் எந்தப் பகுதியைக் காட்டிப் பிறரைக் கண்டித்தேனோ, அதே பகுதியை விடுதலைப் பயண நூலில் மீண்டும் எடுத்து வாசித்தேன். குருமடத்தில் படித்த காலத்திலிருந்து பலமுறை வாசித்த பக்கங்கள்தாம். ஆயினும் அவற்றின் வரிசை முறையை அன்றுதான் கருத்தோடு நோக்கினேன். சீனாய் மலையில் மோசேக்குக் கூடாரப் பணியைப் பற்றிய ஏற்பாடுகளையெல்லாம் விளக்கிய ஆண்டவர், முடிவாக ஓய்வுநாளை நினைவூட்டுகிறார். அது முப்பத்தோராம் அதிகாரம். அடுத்த அதிகாரத்திலேயே மலையடிவாரத்தில் பொற்கன்று எழும்புகிறது. மனைவியர், புதல்வர், புதல்வியர் ஆகியோரின் காதணிகளிலிருந்தே அது வார்க்கப்பட்டது என்பதையும் நோக்குங்கள். விக்கிரகத்திற்கு வேண்டிய பொன் குடும்பங்களிலிருந்துதான் வந்தது. மோசேயின் மன்றாட்டிற்குப் பின் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டு, கூடாரம் அமைக்க மக்களை அவர் கூட்டும்போது, முப்பத்தைந்தாம் அதிகாரத்தில், முதலில் சொல்லப்படுவது மீண்டும் ஓய்வுநாள் கட்டளையே. அதாவது, ஆண்டவர் தமக்கென்று கேட்ட திருக்கூடாரத்தின் வேலைகூட ஏழாம் நாளில் நிற்க வேண்டும். உழவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும்கூட ஓய்ந்திரு என்கிறது முப்பத்து நான்காம் அதிகாரம். திருவிழா நெருங்குகிறது என்ற என் சாக்கிற்கு அங்கே இடமே இல்லை.

விக்கிரகம் எது என்பதற்கு அன்று எனக்கு ஓர் அடையாளம் கிடைத்தது. மெய்யான கடவுள் தம் மக்களுக்கு ஓய்வு தருகிறார். பொய்த் தெய்வம் ஒருபோதும் ஓய்வு தருவதில்லை. எகிப்தின் பார்வோன் வைக்கோல் தராமலேயே செங்கல் கேட்டான். ஆண்டவரை வழிபடப் போகவேண்டும் என்ற மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசினான். ஆண்டவரோ பாலைநிலத்தில் ஆறாம் நாளில் இருமடங்கு மன்னா தந்து, ஏழாம் நாளில் அமர்ந்திருக்கச் சொன்னார். நம்மையும் நமக்குக் கீழ் உழைப்போரையும் இளைப்பாற விடாமல் துரத்துவது எதுவோ, அதற்கே நாம் மண்டியிடுகிறோம். என் விக்கிரகத்திற்குச் சிலுவையும் மணியும் இருந்தன. அவ்வளவுதான் வேறுபாடு.

இணைச்சட்ட நூல் இக்கட்டளைக்குத் தரும் காரணமும் கருதத்தக்கது. நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், அதை மறவாதே என்கிறது அது. ஆகவே பிள்ளைகளும் வேலையாள்களும் மாடும் கழுதையும் ஊரில் தங்கியுள்ள அந்நியரும் ஓய்ந்திருக்க வேண்டும். ஓய்வு என்பது நாம் எடுத்துக்கொள்வது மட்டுமன்று. பிறருக்கு நாம் கொடுப்பதும் ஆகும். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், ஆண்டவரின் நாளைப் பிறர் கடைப்பிடிக்கத் தடையாகும் தேவையற்ற வேலையை அவர்கள்மேல் சுமத்தலாகாது என்று தெளிவாகக் கற்பிக்கிறது.

நம் நாட்டில் இந்த ஓய்வு எளிதில் கிடைத்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை 1890-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவரின் தலைமையில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற உரிமை அது. அடுத்த ஆண்டில், பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் திருத்தந்தை லியோ, தொழிலாளரைப் பற்றிய தம் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வை வலியுறுத்தினார். ஏழைகள் போராடிப் பெற்றதை, ஆலயத்தின் பெயரால் நான் ஒரு நாளில் பறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, நடந்ததை மக்கள்முன் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இனி ஞாயிறு வேலை இல்லை என்று அறிவித்தேன். அதோடு சிக்கல் தீரவில்லை. அன்றாடக் கூலி வாங்குவோருக்கு வேலையில்லாத நாள் சோறில்லாத நாளாகிவிடும் அல்லவா? அந்த அம்மாவே இதை எனக்கு உணர்த்தினார். "ஓய்வு நல்லதுதான் சாமி, அடுப்பு ஓயாதே" என்றார். மன்னாவின் கணக்கு அப்போது நினைவிற்கு வந்தது. ஆறு நாளும் உழைத்தவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில் இரு நாள் கூலி தருவதென்று பங்குப் பேரவையில் முன்மொழிந்தேன். எதிர்ப்பு எழாமல் இல்லை. மண்டபம் குறித்த நாளில் முடியாது என்றனர். அவர்கள் சொன்னபடியே ஆயிற்று. பூச்சு வேலை முடியாத சுவர்களோடுதான் அவ்வாண்டுத் திருவிழா நடந்தது. ஆயர் அவர்கள் மறு ஆண்டே வந்து மந்திரித்தார்.

அன்புக்குரிய பெற்றோர்களே, என் குற்றத்தை உங்கள்முன் வைத்தேன். இனி உங்கள் இல்லங்களையும் சற்று நோக்குங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் எல்லாரும் அமர்கிறோம், நிற்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் வாரத்தின் கடினமான நாள் தாய்க்கு ஞாயிறுதான். கறி ஆக்குவதும் விருந்தினருக்குப் பரிமாறுவதும் பாத்திரம் துலக்குவதும் அவர் ஒருவர் மேல் விழுகின்றன. தந்தையும் பிள்ளைகளும் அன்று அடுக்களைக்குள் நுழைந்தால், ஆண்டவரின் நாள் அந்த வீட்டில் அனைவருக்கும் விடியும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் கடையில் நிற்கும் பையனுக்கும் கூலி குறையாத விடுமுறை உண்டா? மதிப்பெண்ணுக்காக ஞாயிற்றிலும் தனிப்பயிற்சி வகுப்பிற்கு ஓடும் பிள்ளை எப்போது நம்மோடு அமர்ந்து உண்கிறது? உணவு மேசையில் கைப்பேசி ஒலித்தால் நாம் யாருடைய அழைப்பிற்கு முதலில் எழுகிறோம்?

மருத்துவமனையிலும் பேருந்திலும் மின்நிலையத்திலும் ஞாயிறன்று உழைத்தே ஆகவேண்டியவர்களை நான் இங்கே குறைகூறவில்லை. அவர்கள் உழைப்பால் பிறர் வாழ்கின்றனர். ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டாயிற்று என்று ஆண்டவர் இயேசுவே கற்பித்தார். அத்தகையோர் வேறொரு நாளில் இளைப்பாறக் குடும்பம் துணைநிற்கட்டும். அந்த ஒரு நாளிலாவது அவர்களை எழுப்பாமல் உறங்க விடுங்கள்.

முதன்முறையாக இரு நாள் கூலி தந்த வாரத்தின் ஞாயிறு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பூசப்படாத மண்டபத்தைக் கடந்து, அந்த அம்மா மகளோடு முதல் திருப்பலிக்கு வந்தார். தூண் ஓரமாக அமர்ந்தார். என் மறையுரை தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் தலை சாய்ந்து உறங்கிவிட்டார். மகள் அவரை எழுப்பப் போனாள். வேண்டாம் என்று பீடத்திலிருந்தே கைகாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசி முடித்தேன்.